மூன்று பக்கம் ஆறு... நடுவிலே ஒரு பேட்டை!



சென்னையில் பறக்கும் ரயிலில் போயிருக்கிறீர்களா? கடற்கரை நிலையத்தில் ஏறினால், கோட்டை, பூங்கா நகர் ஆகிய நிலையங்களைத் தாண்டியதும் சிந்தாதிரிப்பேட்டை வரும். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தால் ஓர் ஆறு தெரியும். தண்ணீர் கறுப்பாக இருக்கும். பெட்டியில் இருப்பவர்களில் பலர் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ரயில் கொஞ்ச தூரம் போனதும் கையை எடுத்துவிடுவார்கள். அந்த ஆறுதான் கூவம்.

நான் ஆசிரியராக வேலை பார்த்தபோது, ஒருநாள் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன்.

"சிந்தாதிரிப்பேட்டைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? யாராவது சொல்லுங்கள், பார்க்கலாம்!"

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், அங்கே எண்ணெய் சிந்தாத திரி வித்திருப்பாங்க சார்!" என்றான்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அவன் சொன்னதில் ஓர் உண்மை ஒளிந்திருந்தது. விளக்குத் திரியை எதிலே செய்கிறோம்? பஞ்சிலேதானே? சிந்தாதிரிப்பேட்டை பிறந்ததும் பஞ்சினால்தான்! அந்தக் கதையைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

துணிக்காக வந்தவர்கள்

கிழக்கிந்தியக் கம்பெனியைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1639-ம் ஆண்டு அந்தக் கம்பெனிக்காரர்களுக்குச் சென்னைக் கடற்கரையில் கோட்டை கட்ட இடம் கிடைத்தது. இங்கே நல்ல துறைமுகம் கிடையாது. அலை மோதும் மணல் கரை. கப்பல்கள் கடலிலேயே நிற்க வேண்டும். சரக்குகளைப் படகில் ஏற்றிக் கொண்டு வர வேண்டும். அப்படியும் ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்?

துணிதான் காரணம்! இந்தப் பக்கத்து நெசவாளர்கள் நெய்த பருத்தித் துணிக்கு வெளிநாடுகளில் ஏகப்பட்ட கிராக்கி. துணி மலிவாகவும் கிடைத்தது. பளிச்சென்ற வெள்ளைத் துணி, சாயம் போட்ட துணி, பூவும் கொடியும் சித்திரமாகத் தீட்டிய துணி என்று எல்லாமே கப்பல் ஏறின.

சென்னையின் பழைய பேட்டைகள் சிலவற்றின் பெயரைக் கேட்டாலே இது புரியும். துணி வெளுப்பவர்கள் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. திருவொற்றியூர்ப் பக்கம் இருக்கும் காலடிப்பேட்டை, காலடியால் வந்த பெயர் அல்ல. காலெட் என்ற ஆங்கிலேய கவர்னர் நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம் அது. 'காலெட் பேட்டை' என்பது மக்கள் வாயில் 'காலடிப்பேட்டை' ஆகிவிட்டது!

'பேட்டை' என்றால் ஒரு தொழிலோ வியாபாரமோ நடக்கும் குடியிருப்பு. அப்படியானால் சிந்தாதிரிப்பேட்டை? 'சின்னத் தறிப் பேட்டை' என்பதுதான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்று சொல்கிறார்கள். தறி என்றால் துணி நெய்யும் கருவி. சின்னத் தறிகள் ஓடிய பேட்டை!

தோட்டம் பேட்டையான கதை

1730 முதல் 1735 வரை சென்னையில் கவர்னராக இருந்தவர் ஜார்ஜ் மார்ட்டன் பிட். நெசவாளர்கள் பலர் தூரத்து ஊர்களில் இருந்தார்கள். கோட்டைக்குப் பக்கத்திலேயே அவர்களைக் குடி வைத்தால் துணி சீக்கிரம் கிடைக்குமே என்று கம்பெனிக்காரர்கள் யோசித்தார்கள்.

அப்போது கூவம் ஆற்றின் வளைவுக்குள் ஒரு பெரிய தோட்டம் இருந்தது. கம்பெனிக்குத் தலைமை வணிகராக இருந்த சுங்குராமர் என்பவரின் தோட்டம் அது. அவர் பெயரில் ஜார்ஜ் டவுனில் இன்றும் ஒரு தெரு உண்டு. அந்தத் தோட்டத்து நிலத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1734-ம் ஆண்டு அங்கே நெசவாளர் பேட்டையை அமைத்தார்கள்.

அந்த இடத்தில் அப்படி என்ன விசேஷம்? ஒரு வேலை செய்யுங்கள். சென்னை வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூவம் ஆற்றின் மேல் விரலை வைத்து, எழும்பூரிலிருந்து கடலை நோக்கி நகர்த்துங்கள். விரல் நேராகப் போகாது. தெற்கே இறங்கும், பிறகு வடக்கே ஏறும், மறுபடியும் இறங்கும். அந்த வளைவுக்குள் மேற்கு, வடக்கு, கிழக்கு என்று மூன்று பக்கமும் ஆறு சூழ, நடுவே உட்கார்ந்திருக்கிறது சிந்தாதிரிப்பேட்டை. ஆறே வேலி போட்டது மாதிரி இருக்கிறது அல்லவா?

அந்தக் காலத்தில் ஆங்கிலேயர்கள் கூவத்தை 'திருவல்லிக்கேணி ஆறு' என்று அழைத்தார்கள்.

தறிக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் சட்டைத் துணியைக் கூர்ந்து பாருங்கள். பூதக் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. நீள வாக்கில் சில நூல்கள், குறுக்கு வாக்கில் சில நூல்கள் தெரியும். நீள நூலுக்குப் 'பாவு' என்று பெயர். குறுக்கு நூலுக்கு 'ஊடை' என்று பெயர். பாவு நூல்களுக்கு மேலும் கீழுமாக ஊடை நூல் புகுந்து புகுந்து போனால் துணி!

தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட வேண்டும். அப்போதுதான் நூல் அறுந்து போகாமல் விறைப்பாக நிற்கும். அந்தக் காலத்தில் சீமைக்குப் போன சில துணிகள் முப்பது கெஜத்துக்கும் மேல் நீளமானவை. அவ்வளவு நீளப் பாவை வீட்டுக்குள் விரிக்க முடியுமா? நீளமான தெரு வேண்டும். வெயிலில் கஞ்சி சட்டென்று காய்ந்துவிடாமல் இருக்க நிழல் வேண்டும். சுங்குராமர் தோட்டத்தில் நிழல் தரும் மரங்கள் இருந்தன.

சாயம் போடத் தண்ணீர் வேண்டும். அலசத் தண்ணீர் வேண்டும். அலசியதை விரித்து உலர்த்த வெட்டவெளி வேண்டும். ஆற்றங்கரையில் இவற்றுக்கெல்லாம் வசதி இருந்தது.

இந்தப் பேட்டையில் யார் வேண்டுமானாலும் குடியேற முடியாது. நூல் நூற்பவர்கள், நெசவாளர்கள், சாயம் போடுகிறவர்கள், துணியில் சித்திரம் தீட்டுகிறவர்கள், வெளுப்பவர்கள், கோயில் வேலை செய்கிறவர்கள் என்று துணி வேலையையும் கோயிலையும் சார்ந்தவர்களுக்கே முதலில் இடம் கொடுத்தார்கள். இன்றைக்கும் அங்கே ஆதிபுரீஸ்வரர் கோயிலும் ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் அருகருகே இருக்கின்றன. சிவனும் பெருமாளும் பக்கத்து வீட்டுக்காரர்கள்!

காலையில் எழுந்தால் தெருவெல்லாம் பாவு விரித்திருக்கும். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். 'டக் டக், டக் டக்'. இன்றைக்கு அங்கே போய்க் காதைத் தீட்டிக் கேட்டாலும் அந்தச் சத்தம் கேட்காது. என்ன ஆயிற்று?

இங்கிலாந்தில் நூற்பதற்கும் நெய்வதற்கும் இயந்திரங்கள் வந்தன. 1800-களில் ஆலைத் துணி மூட்டை மூட்டையாக இங்கே வந்து இறங்கியது. விலையும் குறைவு. ஒரு காலத்தில் சென்னைத் துணி இங்கிலாந்துக்குப் போனது. இப்போது இங்கிலாந்துத் துணி சென்னைக்கு வந்தது! கைத்தறி நெசவாளர்கள் தலையில் இடி விழுந்த மாதிரி ஆயிற்று. பேட்டையில் தறிகள் குறைந்துகொண்டே போயின. பெயரில் மட்டும் தறி மிச்சம் இருக்கிறது.

முதலில் ஓடிய ரயில்

தறி போனாலும் பேட்டை சும்மா இருக்கவில்லை. இந்தியாவில் பயணிகள் ரயில் 1853-ம் ஆண்டு பம்பாயில் ஓடியது என்று படித்திருப்பீர்கள். தென்னிந்தியாவில் 1856-ம் ஆண்டு ராயபுரத்திலிருந்து ரயில் கிளம்பியது. அதற்கெல்லாம் முன்னாலேயே, 1836-ம் ஆண்டு வாக்கில், சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் தண்டவாளம் போட்டு ஒரு சோதனை நடத்தினார்கள்! ஆட்கள் போக அல்ல. சாலை போடக் கல் ஏற்றிக் கொண்டு வர முடியுமா என்று பார்த்தார்கள். அதன் பிறகுதான் செங்குன்றம் பக்கம் கல் ஏற்றும் ரயில் பாதை வந்தது.

1995-ம் ஆண்டு அதே பேட்டையின் ஆற்றங்கரையில் பறக்கும் ரயில் வந்து நின்றது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 160 ஆண்டுகள்!

சொற்களைச் சேர்த்த பேட்டை

நூலைப் பற்றிச் சொன்னேன். இனி இன்னொரு நூலைப் பற்றிச் சொல்கிறேன். இது படிக்கிற நூல்!

1836-ம் ஆண்டு மைரன் வின்ஸ்லோ என்ற அமெரிக்கப் பாதிரியார் சென்னைக்கு வந்தார். அதற்கு முன் அவர் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். அமெரிக்க மிஷன் சிந்தாதிரிப்பேட்டையில் இயங்கியது. வின்ஸ்லோ தமிழ்ப் புலவர்களின் துணையோடு பல ஆண்டுகள் உழைத்து, தமிழ்ச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் பொருள் சொல்லும் பெரிய அகராதி ஒன்றை 1862-ம் ஆண்டு வெளியிட்டார். அதில் 67 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் வேறு பாதிரிமார்கள் தொடங்கி வைத்த வேலையை இவர் முடித்து வைத்தார். ராமானுஜக் கவிராயர் போன்ற தமிழ் அறிஞர்கள் கைகொடுத்தார்கள். பலர் கை கோத்தால்தான் இவ்வளவு பெரிய வேலை நடக்கும். இதுவும் ஒரு நெசவுதான்!

மீன் இருக்கிறது, ஆற்றில் இல்லை!

இன்றைக்குச் சிந்தாதிரிப்பேட்டை என்றால் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது மீன் மார்க்கெட். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் அலைமோதும். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று கூவிக் கூவி விற்பார்கள். குறுகலான தெருக்கள், ஒன்றை ஒன்று ஒட்டிய வீடுகள், கோயில், சர்ச், தெற்கே மே தினப் பூங்கா. அந்தப் பூங்காவுக்கு முன்பு நேப்பியர் பூங்கா என்று பெயர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதுப்பேட்டை. பழைய வண்டிச் சாமான்களுக்குப் பேர் போன இடம்.

இப்போது ஒரு கேள்வி. மூன்று பக்கமும் ஆறு இருக்கிறதே, மார்க்கெட்டில் விற்கும் மீன் அந்த ஆற்றிலிருந்தா வருகிறது? இல்லை! காசிமேட்டிலிருந்தும் வெளியூர்களிலிருந்தும் வண்டியில் வருகிறது.

ஒரு காலத்தில் கூவம் இப்படி இருக்கவில்லை. பச்சையப்பன் கல்லூரியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கு வழி செய்த வள்ளல் பச்சையப்ப முதலியார் 1754 முதல் 1794 வரை வாழ்ந்தவர். சிந்தாதிரிப்பேட்டைக்கு எதிர்க்கரையில் இருக்கும் கோமளீஸ்வரன்பேட்டையில் அவர் கூவத்தில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவார் என்று சொல்கிறார்கள். குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகும் அளவுக்குத் தண்ணீர் இருந்திருக்கிறது! இன்றைக்கு யாராவது அதில் காலை வைப்பார்களா?

ஆறு எப்படிக் கெட்டது?

கூவம் திருவள்ளூர் மாவட்டத்தில், கூவம் என்ற கிராமத்துப் பக்கம் தொடங்குகிறது. அந்த ஊரின் சிவன் கோயிலைத் திருஞானசம்பந்தர் பாடியிருக்கிறார். அங்கிருந்து சுமார் 70 கி.மீ. ஓடி, நேப்பியர் பாலத்துக்கு அருகே கடலில் சேருகிறது. நகரத்துக்குள் நுழைவதற்கு முன் மேல் பகுதியில் ஆறு இந்த அளவுக்கு மோசம் இல்லை. நகரத்துக்குள் வந்த பிறகுதான் நோய் முற்றுகிறது. அதற்கு மூன்று காரணங்கள்.

முதல் காரணம், மேலேயிருந்து நல்ல தண்ணீர் வருவது குறைந்துவிட்டது. மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் ஆற்றை அலசிவிடப் போதுமான தண்ணீர் இல்லை.

இரண்டாவது காரணம், கழிவுநீர். நகரம் பெருகப் பெருக, வீடுகள், கடைகள், பட்டறைகள் இவற்றின் கழிவுநீர் வாய்க்கால் வழியாக ஆற்றில் கலந்தது.

மூன்றாவது காரணம் கடலோரத்தில் இருக்கிறது. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, துளியே துளி சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் மெதுவாகத்தான் நகரும். சென்னை அப்படிப்பட்ட தட்டையான பூமி. ஆறு மெல்ல ஊர்ந்து போகும்போது, கடல் அலை கொண்டு வந்து குவிக்கும் மணல் திட்டு முகத்துவாரத்தை அடைத்துக்கொள்கிறது. வாசலை அடைத்தால் வீட்டுக்குள் இருப்பது வெளியே போகுமா? தண்ணீர் தேங்குகிறது. தேங்கினால் நாறுகிறது.

1960-களின் கடைசியில் கூவத்தைச் சீராக்கிப் படகு விட அரசாங்கம் முயற்சி எடுத்தது. கரையில் படகுத் துறைகள் கட்டினார்கள். ஆனால் கழிவுநீர் வருவது நிற்கவில்லை. திட்டம் நிலைக்கவில்லை.

ஆறு அமைதியாகவே இருந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். 1943-ம் ஆண்டும் 2015-ம் ஆண்டும் பெருமழையில் கூவம் பொங்கி எழுந்தது. 'என் இடம் எனக்கு வேண்டும்' என்று கேட்பது போலக் கரையோர வீடுகளுக்குள் புகுந்தது.

கரையில் இருந்த பிள்ளைகள்

2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றைச் சீரமைக்கும் வேலை வேகம் எடுத்தது. கூவம் கரையோரம் குடிசை போட்டு வாழ்ந்த பல குடும்பங்களைப் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு மாற்றினார்கள். வெள்ளப் பயம் இல்லாத மாடி வீடு கிடைத்தது. ஆனால் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் ஏறக்குறைய 25 கி.மீ. தூரம்! மீன் மார்க்கெட்டிலும், பக்கத்து வீடுகளிலும் வேலை பார்த்த அம்மாக்கள் தினமும் இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. உங்கள் வயதுப் பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்தையும் தோழர்களையும் விட்டுவிட்டுப் போனார்கள். சிலர் படிப்பு ஆண்டின் நடுவிலேயே போக நேர்ந்தது.

"அவர்கள்தானே சார் ஆற்றைக் கெடுத்தார்கள்?" என்று யாராவது கேட்கலாம். கொஞ்சம் யோசியுங்கள். ஒரு குடிசை வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் செலவாகும்? ஒரு பெரிய மாடிக் கட்டடத்தில் எத்தனை குடம்? ஆற்றுக்கு வெகு தூரத்தில் இருந்துகொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு ரயிலில் போகிறவர்களின் வீட்டுக் கழிவுநீரும் அந்தக் கறுப்புத் தண்ணீரில் கலந்திருக்கலாம். பழியை எளியவர் தலையில் போடுவது சுலபம். ஆனால் நியாயம் அல்ல.

ஆறு சுத்தமாக வேண்டும். அதற்காக ஏழைப் பிள்ளைகளின் படிப்பு கெடவும் கூடாது. இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டியது பெரியவர்களின் கடமை. நாளைக்கு நீங்கள் பெரியவர்கள் ஆகும்போது, கலெக்டராகவோ என்ஜினீயராகவோ வரும்போது, இதை மறக்காதீர்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

1734-ல் ஆறும் மரமும் இருந்ததால்தான் இந்தப் பேட்டை அங்கே பிறந்தது. பிறகு பேட்டையும் நகரமும் வளர்ந்து, ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டன. போன தறிகளை அந்தத் தெருக்களுக்குத் திரும்பக் கொண்டு வருவது கடினம். ஆறு அப்படி இல்லை. அது இன்னும் அங்கேயே ஓடிக்கொண்டிருக்கிறது. கழிவுநீரைச் சுத்தம் செய்த பிறகு விட்டால், முகத்துவாரத்தைத் திறந்து வைத்தால், அது மெல்ல மெல்லத் தேறும்.

இப்போது உங்களுக்கு மூன்று வேலைகள் தருகிறேன்.

ஒன்று: உங்கள் ஊர் அல்லது தெருவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தாத்தா, பாட்டியிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு தறியோ குளமோ தோப்போ ஒளிந்திருக்கும்.

இரண்டு: உங்கள் வீட்டுச் சமையலறைத் தண்ணீர் எந்த வாய்க்காலுக்குப் போகிறது, அந்த வாய்க்கால் எங்கே போய்ச் சேருகிறது என்று அப்பா, அம்மாவிடம் கேளுங்கள். அவர்களுக்கும் தெரியவில்லை என்றால், சேர்ந்து விசாரியுங்கள்.

மூன்று: ஆறு, ஏரி, வாய்க்கால் எதிலும் பிளாஸ்டிக் பை ஒன்றைக்கூடப் போடாதீர்கள். மற்றவர்கள் போட்டால், "வேண்டாம் மாமா, வேண்டாம் அத்தை" என்று அன்பாகச் சொல்லுங்கள்.

அடுத்த முறை பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டாலும் பரவாயில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொள்ளாதீர்கள். கீழே தெரியும் ஆற்றை நன்றாகப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு, "இங்கேதான் ஒரு காலத்தில் தறி ஓடியது, தெரியுமா?" என்று சொல்லுங்கள். கடைசி பெஞ்சு அண்ணன் சொன்ன 'சிந்தாத திரி'யையும் மறக்காமல் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே கேட்பார்கள்!